பழைய கொம்பியூட்டரில் புது கேம் ஓடும் என்றார்கள்: என் 85,000 ரூபா போன கதை

இன்றைக்கு மத்தியானம்தான் கொம்பியூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டை, அதுதான் திரைக்குப் படம் தருகிற பலகையை, கழற்றிப் பார்த்தோம். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை, எழுத்தில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 85,000 ரூபா. மட்டக்களப்பு ரவுனுக்குள் பாவித்த கொம்பியூட்டர் விற்கிற ஒரு கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்த காசு. கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் திரும்பக் கிடைக்கக்கூடிய பத்து ரூபாவும் கிடைக்காது என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். சரி.

கத்தாரில் இருக்கிற மாமாவின் மகனும் நானும் சின்ன வயதில் களுவாஞ்சிகுடி வீட்டில் ஒரே கதிரையில் பாதிப் பாதி இருந்து ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் விளையாடியவர்கள். 2025 பெப்ரவரியில் சிவிலைசேஷன் 7 என்ற வியூக கேம் வந்ததிலிருந்து அவன் விடவில்லை. "நீயும் வா மச்சான், ராவைக்குச் சேர்ந்து விளையாடுவம், கேமை நான் வாங்கித் தாறன், பெட்டியை நீ பாரு" என்றான். கேமுக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் அனுப்பினான். ப்ராசெசர் இன்டெல் என்றால் ஐ3-10100, 8 ஜிபி ராம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 கார்ட், 20 ஜிபி இடம். 1050 என்பது 2016இல் வந்த கார்ட். அப்படியென்றால் பாவித்த பெட்டியே போதும், புதுசுக்கு இரண்டு மடங்கு காசை ஏன் கொட்டுவான் என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் இப்போதும் பிழையில்லை. பிழை வேறு இடத்தில்.

அம்மாவின் சீட்டுக் காசு 60,000, என் கையில் இருந்தது 25,000. பஸ் ஏறினேன்.

கடையில் இருந்தவர் நல்ல மனிசன் மாதிரித்தான் கதைத்தார். அதைத்தான் நினைத்து நினைத்து வயிறு எரிகிறது. என் போனை வாங்கி, ஸ்கிரீன்ஷொட்டைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். "ஐ3 கேக்குது தம்பி, இது ஐ5. கூடத்தானே? ராம் எட்டு கேக்குது, எட்டு இருக்கு. கார்ட் 1050 கேக்குது, இது 1050 டிஐ, நாலு ஜிபி. அதிலயும் கூட." கொம்பியூட்டரைப் போட்டு, கார்டின் பெயரைத் திரையில் காட்டினார். ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றுதான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். பொடியன் ஒருவன் பிளேன்ரீ கொண்டு வந்தான். நான் கேட்காமலே சிவிலைசேஷன் 6ஐ ஓட விட்டார். கப்பல் போகிறது, வரைபடம் வழுக்கிக்கொண்டு நகர்கிறது, ஒரு தடங்கலும் இல்லை. "ஏழாவதும் இதே ஆக்கள் செஞ்சதுதான், இதை விட நல்லா ஓடும்" என்றார்.

இன்னும் ஒன்று கேளுங்கள். என்னிடம் இருந்தது பழைய மொனிட்டர், நீலத் தலை வைத்த விஜிஏ வயர். புதுக் கார்டில் அது கொழுவுமா என்று நானாகவே கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பி, கார்டின் பின்பக்கம் இருந்த நீலத் துளையைக் காட்டி, "உங்கட அதிர்ஷ்டம், இதுல இருக்கு" என்றார். எனக்குச் சந்தோசம். கன்வேர்ட்டர் வாங்குகிற காசு மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த நீலத் துளைதான் களவின் கையெழுத்து என்று அன்றைக்கு எனக்கு யார் சொல்ல இருந்தார்கள்?

கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒரு புத்திமதியும் தந்தார். "கார்டுட ட்ரைவரை மட்டும் அப்டேட் பண்ணிராதீங்க தம்பி, பழசுதான் நிலையா நிக்கும்." ட்ரைவர் என்றால் கார்டை இயக்குகிற மென்பொருள். என்ன அக்கறை! பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது உலகத்தையே பிடிக்கப் போகிற ராஜா மாதிரி இருந்தேன்.

வீட்டில் கேம் இறங்க இரண்டு இரவு எடுத்தது. திறந்தால் கறுப்புத் திரை, பத்து விநாடி, பிறகு பழையபடி டெஸ்க்டொப். பதினைந்து இருபது தரம் முயன்றிருப்பேன். ஒரு தரம்கூட உள்ளே போகவில்லை.

போன் எடுத்தேன். முதல் நாள், "புது கேம்தானே தம்பி, அவங்க அப்டேட் விடுவாங்க, பொறுங்க." மூன்றாம் நாள், "உங்கட ஊரில கரண்ட் அடி கூட." அடுத்த கிழமை, "சூட்டுக்குத்தான், மூடியைக் கழட்டிட்டு ஒரு ஃபேனை வைங்க." வைத்தேன். அம்மாவின் மேசை ஃபேனை இரண்டு நாள் கொம்பியூட்டருக்குப் பிடித்தேன், அம்மா புழுக்கத்தில் கிடந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போனால், "டெக்னீசியன் கொழும்புக்குப் போயிட்டார், மறுகா வாங்க." மறுகா போனேன். சிவிலைசேஷன் 6ஐ மறுபடி ஓட்டிக் காட்டி, "பெட்டியில பிழை இல்லயே, கேம்ல பிழை" என்றார். பில்லை நீட்டினேன். அதில் இருந்தது ஒரே வரி: கொம்பியூட்டர் செட் 1, ரூபா 85,000. எந்தக் கார்ட் என்று ஒரு எழுத்து இல்லை. வாங்கிய அன்று அதை மடித்துப் பேர்ஸில் வைத்தபோது எனக்கும் அது உறைக்கவில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. அந்த அக்கறையான புத்திமதியை மீறி என்விடியாவின் புது ட்ரைவரைப் போட்டேன். பொருத்தமான கார்ட் இந்தக் கொம்பியூட்டரில் இல்லை என்று நின்றுவிட்டது. ஜிபியு-இசட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, போலிக் கார்டைக் கண்டுபிடிக்கிற வசதி 2018இலிருந்தே அதில் உண்டு. அதைத் திறந்தேன். 1050 டிஐ என்ற பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் நாலு எழுத்துதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குப் பெரியகல்லாற்றில் டிவி, அம்ப்ளிஃபயர் திருத்துகிற கூட்டாளி ஒருவன் கார்டைக் கழற்றி, ஃபேனை எடுத்து, காய்ந்து பொரிந்திருந்த பசையைத் துணியால் துடைத்தான். சிப்பின் மேல் ஜிஎஃப்116 என்று பொறித்திருந்தது. அப்படியென்றால் கார்ட் ஜிடிஎக்ஸ் 550 டிஐ, 2011ஆம் ஆண்டுச் சரக்கு. உண்மையான நினைவகம் 1 ஜிபிதான். கார்டுக்குள்ளே பதிந்திருக்கிற பயோஸை, அதாவது தான் என்ன கார்ட் என்று கொம்பியூட்டருக்குச் சொல்கிற மென்பொருளை, மாற்றி எழுதி, 1050 டிஐ, 4 ஜிபி என்று பொய்ப்பெயர் சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறைக் கார்டுக்கு கேம் ட்ரைவர் வருவது 2018 உடன் நின்றுபோனது. நீலத் துளைக்கும் விடை கிடைத்தது. 1050 வகைச் சிப்பில் விஜிஏ சிக்னலே கிடையாது. 1050 என்று சொல்கிற கார்டில் அந்தத் துளை இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

சரி, கடையில் 6 எப்படி வழுக்கிக்கொண்டு ஓடியது? 2016இல் வந்த அந்த கேமுக்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராமும் என்விடியா 450 மாதிரி ஒரு 1 ஜிபி கார்டும் போதும். 550 டிஐ அதை விட ஒரு படி மேல். தெரிந்துதான் அதை ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

ஐ5 கதையும் அப்படித்தான். உள்ளே இருந்தது ஐ5-4570, 2013இல் வந்தது. ஐ3, ஐ5 என்பதெல்லாம் ஒரு வகுப்புக்குள் எடுத்த இடம் மாதிரி. எந்த வகுப்பு என்பது பின்னால் இருக்கிற இலக்கத்தில்தான். 4570 என்றால் நாலாம் தலைமுறை, 10100 என்றால் பத்தாம் தலைமுறை. கோர் என்பது ப்ராசெசருக்குள் வேலை செய்கிற பகுதி, திரெட் என்பது அது ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வேலை வரிசை. அந்த ஐ3இல் 4 கோர், 8 திரெட். என்னுடைய ஐ5இல் 4 கோர், 4 திரெட்தான். கார்ட் உண்மையாக இருந்திருந்தாலும் நான் வரம்புக்குக் கீழேதான். அதிலும் இந்த மாதிரி வியூக கேமில் என் முறை முடிகிற ஒவ்வொரு தரமும் எதிரி நாடுகளின் நகர்வையெல்லாம் ப்ராசெசர்தான் கணக்குப் போட வேண்டும். நகரங்கள் பெருகப் பெருகக் காத்திருப்பும் நீளும்.

கேமின் காசு மட்டும் மச்சானுக்குத் திரும்பிப் போனது. கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்டுப் பெறலாம். நான் ஒரு நிமிசம்கூட விளையாடவில்லையே. என் 85,000தான் அந்தரத்தில் நிற்கிறது.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஜிபியு-இசட்டை பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டுங்கள். ப்ராசெசரின் முழு இலக்கத்தையும் கார்டின் பெயரையும் பில்லில் எழுத வையுங்கள், எழுத மாட்டேன் என்றால் காசை வெளியே எடுக்காதீர்கள். நீங்கள் விளையாடப் போகிற கேமையே ஓட்டச் சொல்லுங்கள், அதன் அண்ணனை அல்ல. ட்ரைவரை அப்டேட் செய்யாதே என்று சொல்கிற கடையில் பிளேன்ரீ கூடக் குடிக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977, நான் நாளைக் காலையில் எடுக்கப் போகிறேன்.

சிப்பின் படத்தை எடுத்துக் கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி மூன்று மணித்தியாலம் ஆகிறது. இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது. இப்போது பார்த்தால் அவருடைய படத்தைக் காணவில்லை. என்னை ப்ளொக் பண்ணிவிட்டார் போல.