ஓடிஜியில் லெக் பீஸும் காய்கறியும்: நாலு வருஷப் புழக்கம்

28 லிட்டர் ஓடிஜியை, அதாவது மேஜைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவனை, பெரும்பாலும் கேக் ஆசையில்தான் வாங்குவது. அந்த ஆசை ஆறு மாதத்தில் ஆறிவிடும். அப்புறமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்கு வேலை வைப்பது, ஒரே ட்ரேயில் வேகும் லெக் பீஸும் காய்கறியும்தான். நாலு வருஷத்தில் இந்தச் சமையல் சொதப்பியதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரால்.

புதுச்சேரி கறிக்கடைகளில் கேட்காவிட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள். தொடை இல்லாமல் கால் மட்டும், தோலோடு என்று சொல்லி வாங்குங்கள். கிலோவுக்கு எட்டு முதல் பத்து வரை நிற்கும். ஆனால் இந்த அளவு ட்ரேயில் ஆறு துண்டும் அரைக் கிலோ காயும்தான் கணக்கு. அதற்கு மேல் அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் எல்லாம் அவிந்துவிடும், தோல் ரப்பராகும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

கழுவிய கறியைத் துணியால் ஒற்றி எடுத்து, எலும்பு வரை இரண்டு கீறல் போடுங்கள். ஆறு துண்டுக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் போதும். தயிர் சேர்ப்பதானால் துணியில் கட்டி வடித்தது மட்டும். நாலு மணி நேரம் ஊறட்டும்.

காயில் உருளை, கேரட், முழுச் சின்ன வெங்காயம் மூன்றும் சரிப்படும். உருளையை ஒரு அங்குலத் துண்டாக்கி, உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் கறி வெந்த பிறகும் நடுவில் நறுக்கென்றிருக்கும். பீன்ஸ், குடைமிளகாய் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு. தக்காளி, சௌசௌ பக்கமே போக வேண்டாம், ட்ரே குளமாகிவிடும்.

மேலும் கீழும் உள்ள இரண்டு சூடேற்றும் ராடும் எரிய 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் சூடாக்கிவிட்டு ட்ரேயை உள்ளே வையுங்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் வெளியே எடுத்தால் அடியில் சாறு தேங்கியிருக்கும். அதை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, துண்டுகளைத் திருப்பிப் போடுங்கள். எத்தனை பேர் செய்முறை சொன்னாலும் இந்த வடிப்பை மட்டும் விட்டுவிடுகிறார்கள்! இன்னொரு இருபது நிமிடம், கடைசியாக மேல் ராடு மட்டும் 230-இல் ஐந்து நிமிடம்.

நம்ம ஊர் வெங்காய வடகம் இதற்கு அருமையான ஜோடி. முதலிலேயே பூசினால் வெங்காயம் கருகிக் கசக்கும். சின்ன உருண்டையை உதிர்த்து வெண்ணெயில் பொன்னிறமாக்கி, மேல் ராடு வேலையும் முடிந்தபின் மேலே தூவுங்கள்.

உள் வெப்பம் 74 டிகிரி வந்தாலே பாதுகாப்புதான். ஆனால் கால் கறியில் சவ்வு அதிகம். அது இளக 82, 85 வரை போக வேண்டும். எலும்பை ஒட்டிச் சிவப்பாகத் தெரிந்தால் உடனே பச்சை என்று பயப்பட வேண்டாம். பிராய்லர் இளங்கோழி, அதன் எலும்பு வழியே மஜ்ஜை நிறம் கசியும். கறி வெப்பமானியை எலும்பில் இடிக்காமல் சதையில் குத்திப் பாருங்கள்.

இனி மெஷின். திருகு 200 காட்டும்போது உள்ளே 180 மட்டும் இருப்பது சாதாரணம். சின்ன ஓவன் வெப்பமானி ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். கோடையில் கரண்ட் இறங்கும் சாயங்காலங்களில் பத்து நிமிடம் கூடுதலாகும். 16 ஆம்பியர் சுவிட்ச்சில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகும். கடற்காற்றுக்கு முதலில் பலியாவது கம்பித் தட்டும், கோட்டிங் போன ட்ரேயும். கழுவியதும் துடைத்து, ஓடிஜி உள்ளேயே ஐந்து நிமிடச் சூட்டில் உலர்த்தினால் துரு தள்ளிப்போகும்.

வடித்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து பாதியாகச் சுண்டவைத்து, பேக்கரி பகெத்தை (நீளமான பிரெஞ்சு ரொட்டி) பிய்த்துத் தொட்டுக்கொள்ளலாம்.