திராட்சைப் பந்தலா, வாய்க்கால் மேடா: கொங்கில் சைக்கிள் விட எது தேவலை?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வருடம் ஒரு போட்டோ அனுப்பினான். மோசல் ஆற்றங்கரை. ஆற்றை ஒட்டி சைக்கிள் பாதை, அதற்கு மேலே செங்குத்தான சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. ட்ரியர் ஊரிலிருந்து, அந்த ஆறு ரைனில் போய்க் கலக்கும் கோப்லென்ஸ் வரைக்கும் இப்படியே போகலாமாம். “மாமா, நம்மூர்ல இப்படி ஒண்ணு இருக்குதுங்களா?” என்று கீழே ஒரு கேள்வி.

இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. நம்மிடம் ஆறு இருக்கிறது, திராட்சை இருக்கிறது, வண்டி வராத கரையும் இருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் இல்லை, அதுதான் சங்கடம். எதை விட்டுக்கொடுப்பது என்று நானும் மச்சானும் ஒரு மாதம் பேசினோம். கடைசியில் பேச்சு வேண்டாமென்று தை மாதத்தில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். என் ஓட்டு கீழ்பவானி வாய்க்காலுக்கு. மச்சான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

முதலில் அவர் கட்சி. கோயமுத்தூருக்கு மேற்கே பேரூரில் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு நொய்யலை ஒட்டி மேலே போவது. சித்திரைச்சாவடி அணைக்கட்டு, மாதம்பட்டி, தீத்திபாளையம், குப்பனூர், அப்புறம் ஆலாந்துறை, நரசீபுரம். எதிரே வெள்ளியங்கிரி மலை சுவர் மாதிரி நிற்கும். தென்னை, பாக்கு, வாழை, நடுநடுவே திராட்சை. அழகு என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் வாய்க்கால் நிற்கவே முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மோசல் போட்டோவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அங்கே கொடி சரிவில் வரிசை வரிசையாக நிற்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது. இங்கே ஆள் உயரத்துக்குக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே பந்தலாகப் படர விட்டிருக்கிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைக் கூரை ஒன்றுதான் தெரியும். குனிந்து உள்ளே பார்த்தால்தான் கறுப்புக் கறுப்பாகப் பன்னீர் திராட்சைக் கொத்து. அதற்குச் சைக்கிளை நிறுத்தி இறங்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் பந்தலை எடுத்துவிட்டுப் பாக்கு வைத்திருந்தார்கள்; வெறும் கல்தூண்கள் வரப்போரம் படுத்துக் கிடந்தன.

பஞ்சாயத்து ரோடுகளுக்குள் புகுந்துவிட்டால் ஆள் அரவமில்லை. சிக்கல் என்னவென்றால், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக அடிக்கடி சிறுவாணி மெயின் ரோட்டைத் தொட வேண்டியிருந்தது. கோவைக் குற்றாலத்துக்கும் மலையடிவாரத்துக்கும் போகிற காரும் பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் வரிசை கட்டுகின்றன. விடியற்காலையில் போய்விடலாமே என்றால், மலையடிவாரத்தில் அது யானை நடமாடும் நேரம். நாங்கள் விசாரித்த தோட்டத்துக்காரர் “வெயில் வந்தப்புறம் வாங்க சாமி, அவசரம் என்ன?” என்று சொல்லிவிட்டார். சைக்கிளுக்குச் சுகமான நேரம் காலை ஆறும் மாலை ஆறும். இரண்டும் போயிற்று.

காலிங்கராயன் வாய்க்காலையும் யோசித்தோம். பவானியில் கிளம்பி, காவிரியை ஒட்டி வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் நொய்யலில் போய்ச் சேரும் 56 மைல். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டினார்கள் என்று கதையே உண்டு. வரலாறு வேண்டுமென்றால் இதைவிட வேறு கரை வேண்டாம். ஆனால் ஈரோட்டை ஒட்டிய பகுதியில் கரை முழுக்க வீடு, வாய்க்காலில் சாக்கடை. ஊரைத் தாண்டி மஞ்சள் காட்டுப் பக்கம் வந்த பிறகு நன்றாகத்தான் இருந்தது. நான் அதில் ஓட்டியது ஒரே ஒரு காலைப்பொழுது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, கீழ்பவானிக்கு வருவோம். பவானிசாகர் அணையோடு சேர்த்து 1948-இல் தொடங்கி 1955-இல் முடித்த திட்டம். 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் வாய்க்காலுக்கு இன்னும் மைல் கணக்குதான், மொத்தம் 124 மைல். கரையின் மேலே ஜீப் போகிற அகலத்துக்கு மண்பாட்டை. நாங்கள் சத்தியமங்கலம் பக்கம் ஏறி, கோபி, கவுந்தப்பாடி வழியாகப் பெருந்துறை வரை வந்தோம். இரண்டு நாள், எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

எனக்கு இதை முடிவு செய்தது பச்சையோ நிழலோ இல்லை. மட்டம்தான்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இடது முட்டி தகராறு. சைக்கிள் கியர் இல்லாத பழைய வண்டி. கொங்கு நாட்டைப் பஸ்ஸில் போகிறவர்கள் சமவெளி என்று நினைப்பார்கள். சைக்கிளில் போனால்தான் தெரியும், ஒவ்வொரு ஊரும் ஒரு மேட்டில், நடுவில் ஒரு பள்ளம். பெருந்துறையிலிருந்து சென்னிமலைக்குத் தார் ரோட்டில் மிதித்துப் பாருங்கள். இறங்குகிற சுகம் முடிவதற்குள் ஏற்றம் வந்துவிடும். நொய்யல் பக்கமோ மலையை நோக்கிப் போவதால் போகும்போது முழுக்க ஏற்றம். போதாக்குறைக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு மேற்கேயிருந்து மூஞ்சியில் அடிக்கும்.

வாய்க்கால் அப்படி ஏறி இறங்க முடியாது. தண்ணீருக்கு மோட்டார் கிடையாது, அது தானாகத்தான் நகர வேண்டும். அதனால் மேடு குறுக்கே வந்தால் வாய்க்கால் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பள்ளம் வந்தால் கரையை உயர்த்திக் கட்டி, ஓடையை அடியில் விட்டு, தான் மேலே போகிறது. நேராகப் போனால் நாலு கிலோமீட்டர் தூரம், வாய்க்காலில் ஆறு ஏழு ஆகிவிடும். அவசரக்காரனுக்கு அது நஷ்டம். என் முட்டிக்கு அந்த வளைவு ஒவ்வொன்றும் ஒரு மேடு மிச்சம். சரிவு இருக்கிறது என்று கணக்கில் உண்டு. கண்ணுக்கும் தெரியவில்லை, முட்டிக்கும் தெரியவில்லை. மச்சானிடம் இருபத்தொரு கியர் சைக்கிள். தீத்திபாளையம் பக்கம் ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் எனக்காகக் காத்திருந்து தண்ணீர் குடித்தார். வாய்க்கால் கரையில் இரண்டு நாளும் ஒரே கியரில் வந்தார், எனக்குப் பக்கத்திலேயே, பேசிக்கொண்டு.

தண்ணீர் போகிற திசையிலேயே, அதாவது கிழக்கே பார்த்துப் போங்கள். மேற்குக் காற்று அடிக்கிற நாளிலும் அது முதுகுப் பக்கம்தான் இருக்கும்.

மட்டத்தைப் பிடித்துப் போவதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தண்ணீர் பள்ளத்துப் பக்கம்தான் பாயும். ஆகவே போகிற வழியெல்லாம் ஒரு கைப்பக்கம் நெல்லும் வாழையும் மஞ்சளும். மறு கைப்பக்கம் மேட்டாங்காடு, பனை, சோளத்தட்டு, ஆடு மேய்கிற வெள்வேல மரம். ஒரு சைக்கிள் அகலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. சுற்றுப்பக்கத்துக் கிணறுகளுக்கும் வாய்க்காலின் கசிவுதான் ஊற்று. வாய்க்காலுக்குக் காங்கிரீட் போடும் வேலை வந்தபோது கசிவு நின்றுவிடும் என்று ஒரு சாராரும், அப்போதுதான் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் என்று இன்னொரு சாராரும் மல்லுக்கட்டியது ஊருக்கே தெரியும். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சைக்கிள்காரனாக ஒன்று மட்டும்: மரம் நிற்கிற மண்கரையில் பத்தரை மணி வரை ஓட்டலாம், மொட்டையான கரையில் ஒன்பதுக்கே தலை காய்ந்துவிடுகிறது.

வாகனம்? முதல் நாள் எண்ணினோம். ஒன்பது மொபெட், ஒரு டிராக்டர், புல்லுக்கட்டோடு இரண்டு சைக்கிள். எதிரே வந்த ஒவ்வொருவரும் நின்றார்கள். “ஏனுங்க, வண்டி என்னாச்சுங்க?” பைக் கெட்டுப்போனதால்தான் சைக்கிளில் வருகிறோம் என்று அவர்கள் முடிவே செய்துவிட்டார்கள். சும்மா வருகிறோம் என்றால் யாரும் நம்பவில்லை. பவானிசாகரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பொய் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை முள். ஆட்டுக்காரர்கள் வேலங்கிளையை வளைத்து வெட்டிப் போடுகிற இடத்திலெல்லாம் பாட்டையில் முள் கிடக்கும். எங்களுக்கு இரண்டு நாளில் ஐந்து பஞ்சர். அதில் நான்கு மச்சானுடைய மெல்லிய டயரில். என் தடி டயர் ஒன்றோடு தப்பித்தது. உபரி ட்யூப் இரண்டு, ஒட்டுகிற சாமான், கைப்பம்பு இல்லாமல் கரையில் ஏறாதீர்கள். கடை கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி ஊருக்குள் போய்த்தான் வாங்க வேண்டும். வாய்க்காலில் குளிக்கும் ஆசையும் வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீருக்கு உள்ளே இழுப்பு உண்டு, கரை வழுக்கும். ராத்திரி தங்க நாங்கள் கவுந்தப்பாடியில் சின்ன மாமனார் வீட்டுக்குப் போனோம். அப்படி யாரும் இல்லாதவர்கள் கோபியிலோ பெருந்துறையிலோ லாட்ஜ் பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் நான் ஓட்டியதில்லை. அந்த மண்ணைப் பார்த்தால் ஐப்பசியில் சக்கரம் சுற்றும் என்று தோன்றவில்லை.

அப்புறம், தண்ணீர் இருக்கும்போது போக வேண்டும். முதல் போகத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15-இல் திறப்பார்கள், இரண்டாவதற்கு ஜனவரியில். மழையும் முடிந்து தண்ணீரும் ஓடுகிற தை, மாசிதான் தோது. காய்ந்த வாய்க்கால் ஓரம் எண்பது கிலோமீட்டர் ஓட்டுவது தண்டனை.

திராட்சை இல்லையே என்ற மச்சானின் குறைக்குக் கவுந்தப்பாடி பதில் சொல்லிற்று. பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிற ஊர் அது. நாலாவது பஞ்சருக்குப் பிறகு முகம் கொடுக்காமல் வந்தவரைக் கரும்பு ஆலைக்குக் கூட்டிப்போனேன். கொப்பரையிலிருந்து இறக்கி ஆறாத சர்க்கரையை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். ஆனாலும் நரசீபுரம் மலையைப் பற்றித்தான் அன்று ராத்திரி முழுக்கப் பேசினார்.

அடுத்த தைக்கு அக்கா மகன் லீவு போட்டு வருகிறானாம். பெருந்துறையிலிருந்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் வரைக்கும் இந்தத் தடவை போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. அவனுக்கு ஒரு பழைய சைக்கிள் சொல்லி வைத்திருக்கிறேன். தடி டயர், கியர் இல்லாதது.