1000 மடங்கு யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்: பிழை நாணயம் பார்க்க உதவுமா?

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பை வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் 1000 மடங்கை மறந்துவிடுங்கள். பிழை நாணயம், அதாவது அச்சடிப்பில் தவறு நேர்ந்த நாணயம் பார்க்க 20 முதல் 50 மடங்கு தாராளம். அதற்கு மேலே போனால் தெரிவது அழுக்கும் கீறலும்தான். மலிவு மாடல்கள் பலவற்றில் சென்சார் வெறும் 640×480. 2 மெகாபிக்சல் என்பது மென்பொருள் ஊதிக் காட்டுவது.

பெரிய குறை வெளிச்சம். லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடி நேர் மேலிருந்து அடிப்பதால் ஸ்டீல் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பளீரென்று கூசும். மேடு பள்ளம் தெரியாது. டையில் (நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சு) உள்ள வெடிப்பு நாணயத்தில் மேடாக விழும், கீறல் பள்ளமாக இருக்கும். இதையே பிரித்துக் காட்டாத கருவி எதற்கு? ஒயரில் உள்ள திருகால் எல்இடியை அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து நாணயத்தை மெல்லச் சுற்றினால் விஷயம் புரியும். கூடவே வரும் ஸ்டாண்ட் ஆடும். அடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

இந்தக் கருவிக்குக் கொடுத்த காசுக்கு மதிப்பு கிடைப்பது, எழுத்து இரட்டையாகத் தெரியும் நாணயத்தைப் பார்ப்பதில். எழுத்தோரம் தட்டையாக, படி வெட்டினாற்போல் நசுங்கி, எழுத்து மெலிந்திருந்தால் அச்சடிக்கும்போது டை ஆடியது. அதற்குக் கூடுதல் விலை கிடையாது. டையிலேயே இரட்டை என்றால் எழுத்து தடித்து, நுனி பிளந்து, இரண்டு உருவமும் உருண்டு நிற்கும். நடுவட்டம் விலகிய 10 ரூபாயில் வளையம் சேரும் இடத்தைப் பாருங்கள். பிடுங்கித் திரும்பச் செருகியிருந்தால் கருவித் தடம் அநேகமாக மாட்டும்.

லக்கி (brockage) எனப்படும் பிழை நாணயத்துக்கு மைக்ரோஸ்கோப் தேவையே இல்லை. ஒரு பக்க உருவமே மறுபக்கம் குழிவாக, இடவலம் மாறி, கூர்மையாக இருக்க வேண்டும். இரண்டு நாணயங்களை வைஸில் (பட்டறைப் பிடிகருவி) வைத்து நெருக்கிய போலியில் மறுபக்கத்தின் சொந்த உருவம் நசுங்கியபடி எஞ்சியிருக்கும். ஒரு பக்க டை திரும்பி, உருவம் சாய்ந்து விழுந்ததை அறியவும் கை போதும்: மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் நம் நாணயத்தின் மறுபக்கம் நேராக நிற்க வேண்டும்.

வேறு நாணயத்துக்கான தகட்டில் அச்சாகிவிட்டதா என்பதை எந்த லென்ஸும் சொல்லாது, 0.01 கிராம் தராசு சொல்லும். 2011 வரிசையில் 5 ரூபாய் 6.00 கிராம், 2 ரூபாய் 4.85, 1 ரூபாய் 3.79. எடை குறைந்து எழுத்தும் எல்லா இடத்திலும் மழுங்கியிருந்தால் ஆசிட்டில் போட்டுக் கரைத்த வேலையாக இருக்கலாம்.

விற்பதற்குப் படம் எடுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சில்லறையைக் கொட்டித் தேடுபவர்களுக்கு 10 மடங்கு டிரிப்லெட் லூப்பும் (மூன்று லென்ஸ் சேர்ந்த கைலென்ஸ்) தராசும் முதலில்.