எட்டு ஆண்டுகளாக ஒரு லெக்சஸ் எல்எக்ஸ் 470

2004ஆம் ஆண்டு மாடல் லெக்சஸ் எல்எக்ஸ் 470 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. டொயோட்டா லேண்ட் க்ரூசர் 100 வரிசையின் சேஸிஸ் மீது அமைந்த வண்டி இது. 4.7 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு. எடை ஏறத்தாழ இரண்டரை டன் என்பதால் 96 லிட்டர் டேங்கும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

என்ஜின் அதிகம் கேட்பதில்லை. ஃபில்டரோடு சேர்த்து ஆறு லிட்டருக்குச் சற்று மேல் ஆயிலை உரிய காலத்தில் மாற்றினால் போதும். வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டில் மட்டும் அலட்சியம் கூடாது. அதை 90,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 1,45,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன்பு மாற்றியதற்கு ரசீது இல்லாததால், வாங்கிய மாதமே மாற்றினேன். கழற்றிய பெல்ட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. ஆனால் வாட்டர் பம்பின் கசிவுத் துளையைச் சுற்றி, காய்ந்த கூலன்ட் இளஞ்சிவப்பு உப்பாகப் படிந்திருந்தது. பெல்ட்டுக்காகத் திறக்கும்போதே பம்பையும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுவது நல்லது, பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

கவனம் முழுவதையும் வாங்கிக்கொள்வது உயரத்தை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். முன்புறம் டார்ஷன் பாரும் (முறுக்கத்தால் ஸ்பிரிங் போல் வேலை செய்யும் கம்பி) பின்புறம் காயில் ஸ்பிரிங்கும் எடையின் ஒரு பகுதியைத் தாங்க, மீதியை ஆயிலும் நைட்ரஜன் அடைத்த உருண்டைகளும் தாங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நைட்ரஜன் குறைந்து, வண்டி மரக்கட்டை போல் குதிக்கத் தொடங்கும். அந்த நிலையில் ஒரு மெக்கானிக், முழு அமைப்பையும் பிடுங்கிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போடச் சொன்னார். நானோ முதலில் வண்டியைத் தாழ்த்தியும் உயர்த்தியும் ஆயில் தொட்டியின் மட்டத்தைக் குறித்துப் பார்த்தேன். நைட்ரஜன் குறையக் குறைய இரு மட்டங்களின் வித்தியாசமும் சுருங்கும். எனக்குக் கிடைத்தது எட்டுக் கோடுகள்தான். நான்கு உருண்டைகளையும் மாற்றிய பின் அது பதினான்காயிற்று. மேடு பள்ளங்களில் பழைய மென்மையும் திரும்பியது. பிடுங்கியிருந்தால் இந்த வண்டியை வாங்கியதற்கே பொருளில்லை.

சக்கரங்களை நோக்கி விசையைக் கொண்டு செல்லும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நிப்பிள்களில் (கிரீஸ் ஏற்றும் முனைகள்) கிரீஸ் அடிப்பதை நானே செய்கிறேன். ஆர்வக் கோளாறில் ஒருமுறை நழுவும் இணைப்பில் அளவுக்கு மீறி அடித்து, ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் செய்துவிட்டேன். அது என் தவறே. கியர்பாக்ஸுக்கு ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடிப்பகுதி அடைப்பானைத் திறந்தே மட்டம் பார்க்க வேண்டும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறேன். டயர் அளவு 275/60 ஆர்18. நான்கும் ஒரே சீராகத் தேய்வது முக்கியம்.

ஸ்டார்ட்டர் மோட்டார், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. இதுவரை தொந்தரவில்லை என்றாலும், வேறு எதற்காவது மேனிஃபோல்டைக் கழற்ற நேர்ந்தால், ஸ்டார்ட்டருக்குள் மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்ட்டுகளையும் அன்றே மாற்றிவிட எண்ணியிருக்கிறேன்.