ஐம்பது வயதைத் தாண்டிய பைக்: ஆர்.சி. ரினிவலா, வின்டேஜ் பதிவா?

என்னிடம் இருப்பது 1968-இல் மைசூரில் செய்த ஜாவா 250. ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் வாங்கியது. ஆர்.சி. புக் கையோடு வந்தது. எம் எழுத்தில் தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில் என்பதால் அந்த எம் எழுத்து எனக்குப் பெரிய விஷயம். ரினிவல் தேதி நெருங்கியபோது இரண்டு வழிகள் இருந்தன. எப்போதும்போல் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். இல்லையென்றால், 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த வின்டேஜ் பதிவுக்கு மாறலாம். நான் ரினிவலைத்தான் எடுத்தேன். ஓடுகிற நிலையில் இருக்கும், காகிதம் ஒழுங்காக இருக்கும் எந்தப் பழைய பைக்குக்கும் அதையேதான் சொல்வேன்.

முதலில் யாருக்கு இந்தக் கேள்வியே எழுகிறது என்று பார்த்துவிடலாம். வின்டேஜ் என்று கேட்க வேண்டுமானால் முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். 1978-இல் வந்த யெஸ்டி ரோட்கிங் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவர்களுக்கு ரினிவல் ஒன்றுதான் வழி. அறுபதுகளின் புல்லட், ஜாவா, லாம்ப்ரெட்டா வைத்திருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

பணக் கணக்கு எளிது. 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு ரினிவல் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். ஐந்து வருடம் செல்லும். பசுமை வரி தனி. வின்டேஜ் புதுப் பதிவு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 5,000. பத்து வருடக் கணக்கில் 4,000-க்கும் 20,000-க்கும் உள்ள வித்தியாசம். வண்டியை மீட்டெடுக்கவே லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள் உண்டு, அவர்களுக்கு இந்த 16,000 பெரிய தடை இல்லை. நானும் இதை வைத்து முடிவு செய்யவில்லை.

நம்பர் விஷயத்தில் ஒரு தவறான பேச்சு சுற்றுகிறது. வின்டேஜுக்கு மாறினால்தான் பழைய நம்பர் பிழைக்கும் என்கிறார்கள். அப்படி இல்லை. ரினிவலில் நம்பர் மாறுவதே கிடையாது. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் அப்படியே தொடரும். வின்டேஜிலும், ஏற்கெனவே பதிவான வண்டி தன் நம்பரை வைத்துக்கொள்ளலாம். டி.என். வி.ஏ. என்று தொடங்கி, இரண்டெழுத்து வரிசையும் நான்கு இலக்கமும் சேர்ந்த புது மாதிரி நம்பர், புதிதாகப் பதிவாகும் பழைய வண்டிக்குத்தான். ஆக நம்பருக்காக மட்டும் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. நம்பர் பறிபோகும் இடம் வேறு: கேரளாவிலிருந்தோ கர்நாடகாவிலிருந்தோ வண்டி வாங்கி, இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம் ஊர் நம்பர் வாங்கியாக வேண்டும். பழைய நம்பர் மேல் ஆசை இருப்பவர்கள் தமிழ்நாட்டு வண்டியாகவே தேடுங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஓட்டுவது பற்றிய விதி. வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது, வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குப் போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்திலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம் போய், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் காபி குடித்துவிட்டு இறங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. மாதாமாதம் நம் பக்கத்தில் பேரணி நடக்கிறதா என்றால், இல்லை. அப்படியானால் வண்டி பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கும்.

நிற்பதுதான் இந்த எஞ்சினுக்கு எமன். ஜாவா டூ ஸ்ட்ரோக். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருந்தால்தான் எஞ்சின் ஒழுங்காக மூச்சு விடும். அதைக் காப்பது கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள். வண்டி மாதக் கணக்கில் நின்றால் அந்த ரப்பர் காய்ந்து விறைத்துவிடும். ஒரு பக்கம் காற்றை இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சூடேறும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலையே உள்ளே இழுத்து வெள்ளைப் புகை தள்ளும். சீல் விலை பெரிதல்ல, ஆனால் அதை மாற்ற எஞ்சினைக் கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும். ஜாவாவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் சேலத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கும் மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது.

பெட்ரோலும் முன்பு மாதிரி இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கித் துருப்பிடிக்கும். ஏற்காட்டுப் பனியில் நிற்கும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம். டேங்கின் அடியில் திறந்து மூடும் பெட்ரோல் காக்கின் கார்க் காய்ந்து ஒழுகும். பெட்ரோலில் கலந்த 2டி ஆயில், ஜிகோவ் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியான பிறகு பிசினாகி, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். வாரம் ஒருமுறை கொட்டகையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது பலரின் வழக்கம். அதில் பலன் இல்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமலே நிறுத்துவதால் சைலன்சருக்குள் ஈரமும் கரியும்தான் சேரும். நன்றாகச் சூடேறும் வரை, குறைந்தது பதினைந்து இருபது கிலோமீட்டராவது ஓட வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு அந்த ஓட்டத்துக்கு மலைப்பாதை இருக்கிறது. ஏறும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் நன்றாக வேலை செய்யும். இறங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஜாவாவுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடுதான். ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரில் நெடுநேரம் இறங்கினால் ஆயில் போகாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு வளைவு கொஞ்சம் முறுக்கிவிட்டு இறங்க வேண்டும். இப்படி ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் இந்த வண்டி உயிரோடு இருக்கும். ரினிவல் அதற்கு எந்தத் தடையும் போடுவதில்லை. வின்டேஜ் விதியின் நோக்கம் பழைய வண்டிகளைக் காப்பது. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் டூ ஸ்ட்ரோக் வண்டியை ஓட்டாமல் காக்க முடியாது.

வின்டேஜில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அசல் நிலையில்தான் இருக்க வேண்டும். 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி, பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட ஜாவாக்கள் நிறைய ஓடுகின்றன. இரவில் வெளிச்சம் கிடைக்கும், ஸ்டார்ட்டிங்கும் நன்றாக இருக்கும். ஓட்டுபவருக்கு அது நியாயமான மாற்றம். அதை வின்டேஜ் விண்ணப்பங்களைப் பார்க்கும் மாநிலக் குழு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது, நான் அந்தக் குழு முன் வண்டியை நிறுத்தியதில்லை.

வின்டேஜ் பதிவு சரியான வழியாகும் இடமும் உண்டு. ஏற்காட்டில் என் நண்பர் ஒருவரின் காபித் தோட்டக் கொட்டகையில் பி.எஸ்.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் பைக் ஒன்று இருக்கிறது. அதை இப்போது ஓட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. பெயின்ட்டைக்கூடத் தொடாமல் அப்படியே வைத்துக் காட்ட வேண்டும் என்கிறார். அவர் வின்டேஜுக்குப் போகிறார், அவருக்கு அதுதான் பொருத்தம். படிவம் 20, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., கட்டணம் எல்லாம் சேர்த்து பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அளவிலான குழு பார்த்து ஒப்புக்கொண்டால் 60 நாளில் சான்று தர வேண்டும் என்பது விதி.

விற்பது பற்றி: வின்டேஜ் வண்டியை விற்கத் தடை இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் பழைய ஜாவா தேடி வருபவர்களில் நான் பார்த்த அத்தனை பேரும் முதலில் கேட்டது, “ஆர்.சி. கரன்ட்ல இருக்கா அண்ணா, ஓட்டலாமா?” என்பதுதான். சேகரிப்பாளர்களின் பெரிய சந்தையில் வின்டேஜ் சான்றுக்குக் கூடுதல் மதிப்பு இருக்கலாம். அந்தச் சந்தையில் நான் விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை.

சரி, ரினிவல் என்று முடிவு செய்தவர்களுக்குச் சில விஷயங்கள். காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டினால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய் கூடும், தள்ளிப் போடாதீர்கள். காகித ஆர்.சி. புக் கணினியில் ஏறாமல் இருந்தால் அதற்குப் பேக்லாக் என்ட்ரி முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம் நகரும். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். சேசிஸ் நம்பர் மேல் பெயின்ட் கனமாக ஏறியிருந்தால் காகிதம் வைத்துத் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட் விழாது. பெயின்ட் ரிமூவர் போட்டுத் துடையுங்கள், உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து எழுத்தை அழித்துவிடாதீர்கள். எழுத்து மங்கியிருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வரும், அதுவும் நியாயம்தான்.

புகைச் சான்றுக்குப் பயப்பட வேண்டாம். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். கார்புரேட்டர் சரியாக வைத்த, ஆயில் அளவாகக் கலந்த ஜாவா அதைத் தாண்டிவிடாது. எஞ்சினைச் சூடாக்கிவிட்டுப் போய் நில்லுங்கள்.

கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இந்த வண்டிகளுக்கு எவ்வளவு அழகு என்று எனக்கும் தெரியும்; முன் மட்கார்டின் மேல் இரு பக்கமும் எழுதிய அந்த நம்பருக்காகவே ஜாவா வாங்கியவன் நான். ஆனால் சொந்த வண்டிக்கு இன்று சட்டப்படி வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்துதான். பழைய கறுப்புப் பலகையைக் கழற்றி, துணியில் சுற்றி, ஆர்.சி. புக்கோடு பத்திரமாக வையுங்கள். வண்டி கைமாறினால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.