இடுப்பில் ஒரு கணக்கப்பிள்ளை: 499 ரூபாய்க்கு வாங்கிய காலடி எண்ணும் கருவி, ஐந்து மாதம் கழித்து

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை ஒன்றில் முப்பத்தோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 57. போன கார்த்திகையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்று வந்தது. "இன்னும் மாத்திரை வேண்டாம், தினம் நடங்க" என்றார் டாக்டர். "நாள் பூரா கடைக்குள்ள நடந்துக்கிட்டேதானே சார் இருக்கேன்" என்றேன். அவர் சிரித்ததோடு சரி. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை வாங்கினேன்.

கையில் கட்டும் ஸ்மார்ட் பட்டை இல்லை. அதை போனோடு இணைக்க வேண்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும், நடுவில் யாராவது கூப்பிட்டால் கை உதறும். எனக்கு அது ஒத்துவராது. நான் வாங்கியது தீப்பெட்டி அளவில், இடுப்பில் செருகினால் காலடிகளை எண்ணும் கிளிப் கருவி. ஆன்லைனில் 499 ரூபாய். பெட்டியில் இருக்கும் கம்பெனிப் பெயரை நான் அதற்கு முன்பும் கேள்விப்பட்டதில்லை, பின்பும் இல்லை. உள்ளே வட்ட பேட்டரி ஒன்று, வெளியே மூன்று பொத்தான்.

முதல் நாள் ராத்திரி பார்த்தால் 2,340. எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறேன் என்பதை ஒரு பிளாஸ்டிக் டப்பா சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் கணக்கு எழுதுகிறவன் எந்த எண்ணையும் சரிபார்க்காமல் ஏற்க மாட்டான். மொட்டை மாடியில் வாய்விட்டு எண்ணி நூறு காலடி நடந்தேன். பேண்ட் பெல்ட்டில் மாட்டியபோது 98, 101, 99. சட்டைப் பையில் 96. லுங்கியில் 81, அதோடு இரண்டு தடவை கீழே விழுந்தது. லுங்கி, வேட்டிக்காரர்கள் இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து போனாலும் பள்ளத்துக்குப் பள்ளம் ஏழெட்டு ஏறுகிறது. அது நம் சாலையின் குற்றம், கருவியின் குற்றம் இல்லை.

இன்னொரு விஷயம். முதல் ஆறேழு காலடியை இது எண்ணாது. தொடர்ந்து நடந்தால்தான் நடை என்று ஒத்துக்கொண்டு, விட்டதையும் சேர்த்துக் காட்டும். குனிவது, திரும்புவதையெல்லாம் நடையாக எண்ணிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடாம். இதில் மாட்டிக்கொண்டது என் மனைவிதான். ஒரு நாள் முழுக்க அவள் சேலையில் செருகிவிட்டேன். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நான்கு எட்டு, ஐந்து எட்டாக நூறு தடவை நடந்தவளுக்கு ராத்திரி காட்டியது 2,100. "ஏங்க, நான் நடந்தது இதுக்குத் தெரியலையாக்கும்?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம். வீட்டுக்குள்ளேயே உழைக்கிறவர்களை இந்தக் கருவி ஏமாற்றிவிடும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் "தினம் 10,000" என்று போட்டிருக்கிறது. மருத்துவர்கள் உட்கார்ந்து தீர்மானித்த எண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி இதே மாதிரி இடுப்புக் கருவி ஒன்றை விற்றது. பெயர் 'மான்போ-கேய்', அதாவது பத்தாயிரம் காலடி மீட்டர். விளம்பரத்துக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது! 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், தினம் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-ஐ ஒட்டி வந்ததும் அதற்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2,340-ல் நிற்பவனுக்கு பத்தாயிரம் மலை மாதிரி. 4,400 என்றால் கைக்கெட்டும் தூரம்.

அதனால் புதிதாக நேரம் ஒதுக்காமல், இருக்கிற வேலைகளோடு நடையை ஒட்டவைத்தேன். காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெப்பக்குளம். ஒரு காலத்தில் காய்ந்து கிடந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளம். இப்போது வைகைத் தண்ணீரோடு பார்க்கக் குளுமையாக இருக்கிறது. ஒரு சுற்று எனக்கு 1,900-ஐ ஒட்டி வருகிறது. இரண்டு சுற்றுக்கு அரை மணி. வாரம் ஐந்து நாள் போனால், உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சம் என்று சொல்லும் 150 நிமிடம் வந்துவிடுகிறது. அப்புறம், கடைக்குப் போகும்போது விளக்குத்தூண் வரை ஆட்டோவில் போகாமல் முனிச்சாலையிலேயே இறங்கிக்கொள்கிறேன். மதியம் சாப்பிட்டதும் வெற்றிலை போடும் நேரத்தில் தெருக்கோடி வரை பத்து நிமிடம். வெற்றிலை தானாகவே குறைந்துவிட்டது.

கடையில் நாள் கணக்கு முடிக்காமல் நான் எழுந்ததே கிடையாது. அதே பழக்கத்தில் ராத்திரி பல் விளக்கும் முன் அன்றைய எண்ணை நோட்டில் ஏற்றுகிறேன். முந்நூறு, நானூறு குறைந்து முழு ஆயிரம் ஆகாமல் நின்றால் கை எழுதாது. வாசலில் நாலு நடை போய்விட்டு வருவேன். கிறுக்குத்தனம்தான். மார்கழி மழையில் ஆறு நாள் வெறும் கோடு போட்டிருக்கிறேன், அதுவும் நோட்டில் இருக்கிறது. இப்போது சராசரி 6,600.

குறைகளும் உண்டு. பூஜ்யமாக்கும் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. பேரேட்டை எடுக்கக் குனிந்தபோது மேசை விளிம்பு இடித்து 5,100 காலடி ஒரு நொடியில் போய்விட்டது. அன்று மாலை எனக்கு வந்த கோபம், கடையில் இருப்பு குறைந்தால்கூட வந்திருக்காது. பழைய நாள் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளவும் இதற்குத் தெரியாது, அதனால்தான் நோட்டு. கலோரிக் கணக்கை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இரண்டு சுற்றுக்கு அது காட்டும் கலோரியை ஒரே ஒரு பரோட்டா விழுங்கிவிடும். தூரம் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் பத்துக் காலடி நடந்து டேப் வைத்து அளந்து, ஒரு காலடி அளவை உள்ளே பதிய வேண்டும். எனக்கு 62 சென்டிமீட்டர் வந்தது.

போன வாரம் சர்க்கரை பார்த்தேன், 106. இந்த டப்பாவுக்கே முழுப் பெயரையும் கொடுக்க மாட்டேன். மாலை உளுந்த வடையையும் நிறுத்தியிருக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை தரலாம். பேட்டரி நான்காம் மாதம் தீர்ந்தது. மூடியின் திருகாணி அரிசிக்குருணை அளவு, வீட்டு ஸ்க்ரூ டிரைவர் நுழையாது. வாட்ச் கடைக்காரர் மாற்றிக் கொடுத்து 40 ரூபாய் வாங்கினார். கயிறு வைத்து, பொத்தான் உள்ளடங்கிய மாடலும் இருக்கிறதாம். அடுத்தது அதுதான், லுங்கிக்கும் சேர்த்து.