போல்ட்டின் தலையை வழுக்கவிட்டு, நல்ல நக்கிளுக்குப் பில் போட்ட பட்டறை: சேலம், ஏற்காடு கார்க்காரர்கள் கவனத்திற்கு

சேலத்தில் புறவழிச்சாலையை ஒட்டியுள்ள, எல்லாக் கம்பெனிக் கார்களையும் பார்க்கும் ஒரு பட்டறையில், கடந்த மழைக்காலம் முடிந்ததும் என் காரை முன்சக்கர பிரேக் வேலைக்காக விட்டேன். பிரேக் பேடையும் டிஸ்க்கையும் மாற்றுவது மட்டுமே பேசிய வேலை. அவர்களோ ஒரு போல்ட்டின் தலையைத் தங்கள் ஸ்பேனராலேயே வழுக்கவிட்டு, பிறகு அதை முறித்து, அதைக் காரணம் காட்டிப் பழுதே இல்லாத நக்கிளையும் (சக்கரத்தையும் பிரேக்கையும் தாங்கும் இரும்புப் பாகம்) மாற்றி, பேசிய தொகையைப் போல இருமடங்குக்கு மேல் பில் கொடுத்தார்கள். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது.

நான் ஏற்காட்டில் வசிப்பவன். அடிவாரத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் டிஸ்க் கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது; மேலே வந்து நிறுத்தினால் பனியும் தூறலும் அதே இரும்பை நனைக்கின்றன. இப்படிச் சூடும் ஈரமும் மாறி மாறிப் படுவதால் மரைக்குள் துரு ஏறி, போல்ட் ஜாம் ஆவது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் பட்டறைக்காரர்கள் பேசினார்கள்.

மதியம் தொலைபேசியில் வந்த செய்தி இது: “சார், மலை வண்டி. போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு ஜாம் ஆகிக் கெடக்குது. நக்கிள்ல மரை போயிருச்சு, மாத்தித்தான் ஆகணும்.”

பேட் மட்டும் மாற்றுவதானால், டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் சிறிய போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். டிஸ்க்கை எடுக்க வேண்டுமானால் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்ற வேண்டும். என் காரில் அதைப் பக்கத்துக்கு இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. தலை 17 மில்லிமீட்டர். அவை நக்கிளில் உள்ள துளை வழியாக நுழைந்து பிராக்கெட்டில் மரையேறுகின்றன. அதாவது மரை இருப்பது பிராக்கெட்டில். நக்கிளில் இருப்பது வெறும் துளை. பில்லைப் பார்த்தபோது இந்த விவரம் எனக்குத் தெரியாது.

நான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது சக்கரத்தின் அருகே தரையில் கிடந்த ரிங் ஸ்பேனரை எடுத்துப் பார்த்தேன். அதில் பொறித்திருந்த எண் 11/16. அது அங்குல அளவு. மில்லிமீட்டரில் ஏறத்தாழ 17.5. பதினேழு மில்லிமீட்டர் தலையில் அதை மாட்டினால் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழும். (முக்கால் அங்குல ஸ்பேனர் 19 மில்லிமீட்டர் தலையில் கிட்டத்தட்டச் சரியாக உட்காரும். அந்தப் பழக்கத்தில்தான் பல பட்டறைகளில் எல்லா அங்குல ஸ்பேனரும் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.) போதாக்குறைக்கு அந்த ரிங்கின் உட்புறப் பற்களும் தேய்ந்து மழுங்கியிருந்தன. முறிந்த போல்ட்டின் தலையைக் கேட்டு வாங்கினேன். ஆறு மூலைகளும் உருண்டு பளபளத்தன. ஒரு பட்டையில் உளி வைத்து அடித்த தழும்பு குறுக்கே ஓடியது. மூலைகள் வழுக்கிய பிறகு உளியால் தட்டித் திருப்பப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் ஆகாமல் போகவே தலை துண்டாகும்வரை அடித்திருக்கிறார்கள்.

ஜாம் ஆன போல்ட்டுக்கு, உட்புறம் 12 முனைகள் உள்ள ரிங்கோ சாக்கெட்டோ (போல்ட் தலைமேல் குப்பி போல மாட்டுவது) ஏற்றதல்ல. கை நுழையாத இடத்தில் 30 பாகைக்கு ஒருமுறை மாற்றிப் பிடிக்க அது வசதியானது. ஆனால் அது மூலைகளை ஒட்டிய சிறு பரப்பில்தான் அழுத்துகிறது. போல்ட் அசைய மறுக்கும்போது முதலில் சிதைவது மூலைதான். ஆறு முனை சாக்கெட் பட்டையான பக்கங்களில் அழுத்துவதால் அதே பலத்தைத் தலை தாங்குகிறது. ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும் என்பதால் அதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. ராட்செட்டை (சாக்கெட்டை ஒரு பக்கமாக மட்டும் பிடித்துத் திருப்பும் பற்கள் கொண்ட கைப்பிடி) போட்டு முக்கினால் அதன் உட்பல் உடையும். டார்க் ரெஞ்ச் இறுக்குவதற்கான அளவுகோல், கழற்றுவதற்கு அல்ல. தேவைப்படுவது பிரேக்கர் பார், அதாவது சாக்கெட்டைத் திருப்பும் நீளமான கெட்டிக் கைப்பிடி. அறுபது சென்டிமீட்டர் நீளப் பாரின் நுனியில் 50 கிலோ எடையளவு அழுத்தினால் 300 நியூட்டன் மீட்டருக்குச் சற்றே குறைவான முறுக்குவிசை கிடைக்கும். வெறும் கைபலத்தாலோ சுத்தியலாலோ இதை இவ்வளவு சீராகக் கொடுக்க முடியாது.

எண்ணெய் விஷயத்திலும் அலட்சியம்தான். அங்கே டபிள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெய் டப்பா ஒன்று இருந்தது. அது 1953இல் முதன்மையாக ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. இறுகிய மரைக்குள் ஊடுருவ அதே நிறுவனம் தனியாக வேறொரு எண்ணெய் விற்கிறது. எந்த எண்ணெயானாலும் தெளித்த மறுநிமிடமே ஸ்பேனரை மாட்டினால் பயனில்லை. முடிந்தால் முதல்நாள் இரவே விட வேண்டும். அதையும் போல்ட்டின் தலையில் அல்ல, மரை தொடங்கும் இடத்திலும் அதன் மறுமுனையிலும் விட வேண்டும். பிரேக் பேடின் மீதோ மீண்டும் மாட்டப்போகும் டிஸ்க்கின் மீதோ அது படவே கூடாது.

பில்லில் நக்கிள், வீல் பேரிங், பிராக்கெட், அழுத்துக்கூலி (பேரிங்கை அழுத்தி மாட்டும் கூலி), வீல் அலைன்மென்ட் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். வலப்பக்கத்தைத் தொட்டால் அங்கும் இதே கதிதான் என்றும், இன்னொரு நக்கிளுக்கும் முன்பணம் கட்டும்படியும் கூறினார்கள். நான் மறுத்து, கழற்றிய பாகங்கள் அனைத்தையும் கேட்டேன். “பழைய இரும்பு உங்களுக்கு எதுக்கு சார்?” என்றார் மேலாளர். சற்று வாக்குவாதத்துக்குப் பிறகே கொடுத்தார்கள். நக்கிளின் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. மரையே இல்லாத துளையில் எந்த மரை போயிற்று என்று கேட்டதற்கு, “அது கம்பெனி மெத்தட்” என்ற பதிலுக்கு மேல் எதுவும் வரவில்லை. முறிந்த துண்டு சிக்கியிருந்தது பிராக்கெட்டில் மட்டும்தான். அதைத் துளையிட்டு எடுத்து மரை ஓட்ட ஒரு லேத் பட்டறை போதும். இல்லையென்றால் பிராக்கெட்டை மட்டும் மாற்றியிருக்கலாம். நக்கிளை மாற்றியதால்தான் பேரிங்கும் அழுத்துக்கூலியும் அலைன்மென்ட்டும் பில்லில் ஏறின.

ஒரு பக்கம் புது டிஸ்க்கும் மறுபக்கம் பழைய டிஸ்க்கும் இருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கக்கூடும் என்பதால், மலையேறாமல், சேலம் அஸ்தம்பட்டியில் தனியாக வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் மெதுவாக ஓட்டிச் சென்றேன். அவர் வலப்பக்கப் போல்ட்டுகளின் தலையையும் மரைமுனையையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு, வண்டியை இரவு முழுக்க அப்படியே நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் ஆறு முனைக் கறுப்பு சாக்கெட்டைத் தட்டி அடிவரை உட்கார வைத்து, பிரேக்கர் பாரால் முதலில் இறுக்கும் பக்கமாகவே மயிரிழை அழுத்தினார். அதன் பிறகு கழற்றும் பக்கம் திருப்பினார். டொக்கென்று ஒரு சத்தம், கொஞ்சம் செந்தூள், அவ்வளவுதான். இரண்டு போல்ட்டும் மூலை மழுங்காமல் கைக்கு வந்தன. “அந்தப் பக்கமும் இதே துருதான் தம்பி, வேற என்ன இருக்கப்போகுது?” என்றார்.

அதே நாளில் இன்னொன்றும் தெரியவந்தது. பட்டறையில் இடது வீல் நட்டுகளை, அடித்து முறுக்கும் கருவியான இம்பேக்ட் கன்னாலேயே கடைசிவரை முறுக்கியிருந்தார்கள். காரோடு வரும் எல் வடிவ வீல் ஸ்பேனரில் நான் ஏறி நின்றும் அவை அசையவில்லை. சிறிய கார்கள் பலவற்றுக்கு வீல் நட் சுமார் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்தான் இறுக்கப்பட வேண்டும். சரியான அளவு உங்கள் கார்க் கையேட்டில் இருக்கும். மலைப்பாதையில் இரவு நேரத்தில் டயர் பஞ்சரானால் இந்த நட்டுகளோடு என்ன செய்வது? கன்னை வைத்துக் கழற்றும்போதும் அதில் பளபளப்பான குரோம் சாக்கெட் மாட்டியிருந்தால் தடுத்துவிடுங்கள். அது அடி தாங்காமல் வெடித்துத் தெறிக்கக்கூடும். கன்னுக்கென்றே வரும் தடித்த கறுப்பு சாக்கெட்தான் வேண்டும்.

நக்கிளையும், உளித்தழும்பு விழுந்த போல்ட் தலையையும், 11/16 ஸ்பேனரை எடுத்த படத்தையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். தீர்வு கிடைக்காவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. “மலை வண்டி, நக்கிள் மரை போயிருச்சு” என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருந்தால், பழைய நக்கிளை அவர்களிடமே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.